19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி: படிப்பு, விடுதி, விளையாட்டு. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டு வரலாற்றைப் பற்றி எங்கே பேசினாலும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வந்துவிடுகிறது. கூடவே அதே சந்தேகங்களும் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டேன். மாணவர்கள் தாங்களாகவே தொடங்கிய ஆட்டங்கள், கல்லூரி கட்டாயமாக்கிய உடற்பயிற்சி என்ற இரண்டு கதைகளும் அங்கே ஒரே காலத்தில், ஒரே குன்றின்மேல் நடந்தன. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஹார்வர்ட், யேல் முதலிய மற்ற இடங்கள் தேவைப்படும்போது வரும்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரின்னா எவ்வளவு பெரிசு? இப்போ இருக்கிற ஹார்வர்ட் மாதிரியா?

இல்லை, ரொம்பச் சின்னது. ஆம்ஹர்ஸ்ட் 1821-இல் 47 மாணவர்களோடு தொடங்கியது. அவர்களில் சிலர், வில்லியம்ஸ் கல்லூரித் தலைவராக இருந்த செபனாயா ஸ்விஃப்ட் மூர் அங்கிருந்து விலகி வந்தபோது அவர் பின்னாலேயே வந்தவர்கள். (வில்லியம்ஸும் ஆம்ஹர்ஸ்டும் இன்றுவரை ஜென்மப் போட்டியாளர்களாக இருப்பதற்கு ஆரம்பம் இதுதான்.) ஒரு சிற்றூர், ஒரு குன்று, இரண்டு மூன்று செங்கல் கட்டடங்கள், ஒரு தேவாலயம், ஒரு மணி. கல்லூரி என்றால் அவ்வளவுதான். 1830-களில் ஆம்ஹர்ஸ்ட் மாணவர் எண்ணிக்கையில் யேலுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. அப்போதும் மொத்த மாணவர்கள் சில நூறு பேர்தான். எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவு.

படிக்க வந்தவங்க எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தானே?

ஹார்வர்டில் பாஸ்டன் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய இருந்தது உண்மை. ஆம்ஹர்ஸ்ட் வேறு மாதிரி. இறைப்பணிக்கு வர விரும்பும் ஏழை இளைஞர்களைப் படிக்கவைக்க 50,000 டாலர் தர்ம நிதி திரட்டித்தான் அதை ஆரம்பித்தார்கள். பண்ணை வீட்டுப் பிள்ளைகள், சின்ன ஊர்ப் போதகர்களின் மகன்கள், கைத்தொழிலை விட்டுவிட்டுப் படிக்க வந்த இருபத்தைந்து வயதுக்காரர்கள் என்று பல வகையினர் இருந்தார்கள். பதினைந்து வயதுப் பையனும் மீசை முளைத்த ஆளும் ஒரே வகுப்பில் உட்காருவது சகஜம்.

கையில் காசில்லாதவர்கள் குளிர்காலத்தில் கிராமப் பள்ளிகளுக்கு வாத்தியாராகப் போய்ச் சம்பாதித்துக்கொண்டு வருவார்கள். அதற்கு வசதியாகவே பல கல்லூரிகள் குளிர்கால விடுமுறையை நீளமாக வைத்திருந்தன. பிற்காலத்தில் நகரத்துப் பணக்காரப் பிள்ளைகள் வரத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கல்லூரிகளின் முகம் மாறியது.

ஒரு மாணவனோட ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். இருட்டிலும் குளிரிலும் எழுந்து தேவாலயத்துக்குப் போக வேண்டும். யார் வரவில்லை என்று குறித்துக்கொள்ள ஆள் இருப்பார். பிரார்த்தனை முடிந்ததும் ஒரு வகுப்பு, அதற்கு அப்புறம்தான் காலைச் சாப்பாடு. பிறகு படிப்பு, மறுபடி வகுப்பு, மாலையில் இன்னொரு பிரார்த்தனை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட பிரசங்கங்கள்.

அறையில் அடுப்புக்கு விறகு அவரவர் பொறுப்பு. தண்ணீரைக் கிணற்றிலிருந்து சுமந்து வர வேண்டும். சாப்பாட்டை ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் பேசி வைத்துக்கொள்வார்கள். பொதுச் சாப்பாட்டுக் கூடம் இருந்த கல்லூரிகளில் அங்கே சாப்பிட்டார்கள். அந்தக் கூடங்களில் என்ன நடந்தது என்பது ஒரு தனிக்கதை, கீழே வருகிறது.

என்னதான் படிச்சாங்க?

லத்தீன், கிரேக்கம், கணிதம். முதல் மூன்று வருடங்களில் பெரும்பகுதி இதற்கே போனது. கடைசி வருடத்தில் கல்லூரித் தலைவரே அறநெறித் தத்துவம் நடத்துவார். பாடம் நடத்துவது என்றால் விரிவுரை கிடையாது. முந்தைய நாள் கொடுத்த பகுதியை மாணவன் எழுந்து ஒப்பிக்க வேண்டும், ஆசிரியர் மதிப்பெண் போடுவார். தொழிலுக்குப் பயன்படும் பாடங்களைச் சேர்க்கலாமே என்று கேள்வி எழுந்தபோது, 1828-இல் யேல் ஆசிரியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மனத்தைப் பழக்குவதுதான் கல்லூரியின் வேலை, அதற்குப் பழைய மொழிகளே சிறந்த வழி என்றது அந்த அறிக்கை. அடுத்த நாற்பது வருடங்களுக்கு மற்ற கல்லூரிகள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. 1869-இல் ஹார்வர்ட் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர்கள் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக்கிய பிறகுதான் இது தளர்ந்தது.

இவ்வளவு கெடுபிடிக்கு மாணவர்கள் அடங்கி நடந்தாங்களா?

இல்லவே இல்லை. அந்த நூற்றாண்டின் முதல் பாதி முழுக்கக் கலகம்தான். 1807-இல் பிரின்ஸ்டனில் பெரும் கலவரம் வெடித்தது. 1823-இல் ஹார்வர்டில் இறுதியாண்டு வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். 1828-இல் யேல் மாணவர்கள் சாப்பாட்டுக் கூடத்து உணவை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1830-இல் அதே யேலில் கணிதத் தேர்வு முறை மாறியதை ஏற்க மறுத்த 43 பேர் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள்.

எல்லாமே விளையாட்டுத்தனமும் அல்ல. 1840-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முகமூடி போட்டுக் கலாட்டா செய்த ஒரு மாணவனைத் தடுக்கப் போன பேராசிரியர் ஜான் டேவிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சாப்பாடு, தேர்வு, தண்டனை என்று காரணங்கள் வேறுவேறாக இருந்தாலும் அடியில் இருந்தது ஒன்றுதான். வளர்ந்த இளைஞர்களைச் சின்னப் பிள்ளைகளைப்போல் நடத்தினார்கள், உடம்பில் தேங்கிய வேகத்துக்கு ஒரு வடிகாலும் கொடுக்கவில்லை. விளையாட்டு ஏன் அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டது என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாடம் தவிர வேற பொழுதுபோக்கே இல்லையா?

இருந்தது, எல்லாம் மாணவர்களே ஏற்படுத்திக்கொண்டது. முதலில் வந்தவை இலக்கிய மன்றங்கள். பிரின்ஸ்டனில் விக், கிளியோ. யேலில் லினோனியா, பிரதர்ஸ் இன் யூனிட்டி. ஆம்ஹர்ஸ்டில் அலெக்சாண்டிரியன், அத்தீனியன். வாரம் ஒரு பட்டிமன்றம், கட்டுரை வாசிப்பு, சொந்த நூலகம். அடிமை முறை சரியா, பெண்களுக்கு உயர்கல்வி வேண்டுமா என்று வகுப்பில் பேச முடியாததை எல்லாம் அங்கே பேசினார்கள். பிறகு 1825-இல் யூனியன் கல்லூரியில் தொடங்கிய கப்பா ஆல்ஃபா வழியாகக் கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட சகோதரத்துவச் சங்கங்கள் பரவி, மன்றங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

விளையாட்டை ஆசிரியர்கள் ஊக்குவிச்சாங்களா?

ஆரம்பத்தில் இல்லை. பந்தாட்டம் சிறுபிள்ளைகளுக்கானது என்பது பொதுவான எண்ணம். ஹார்வர்டில் சார்லஸ் ஃபோலன் என்ற ஜெர்மானியர் 1826-இல் ஓர் உடற்பயிற்சிக் களம் அமைத்தார். சில வருடங்களிலேயே ஆர்வம் வற்றிவிட்டது.

மாணவர்கள் தாங்களாக ஆடிய கால்பந்து வேறு ரகம். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முதலாண்டுக்காரர்களோடு மோதும் சடங்கு அது. பந்து ஒரு சாக்கு, உதைபட்டது கால்களும் முகங்களும்தான். 1860-இல் ஹார்வர்ட் அதைத் தடை செய்தது. மாணவர்கள் கறுப்புத் துணி கட்டி, சவப்பெட்டி செய்து, பந்துக்கு இறுதி ஊர்வலம் நடத்திப் புதைத்தார்கள்.

கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டி எது? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்களே.

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் முதலாவது படகுப் போட்டி. 1852 ஆகஸ்ட் 3 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வினிபசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் மோதின, ஹார்வர்ட் வென்றது. பரிசு ஒரு ஜோடி துடுப்பு. அதை வழங்கியவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ், அடுத்த வருடம் அமெரிக்க அதிபரானவர். இந்தப் போட்டிக்கான செலவை ஏற்றுக்கொண்டது ஒரு ரயில் கம்பெனி! ஏரிக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்தால் டிக்கெட் விற்குமே என்ற கணக்கு. ஆக, கல்லூரி விளையாட்டில் வணிகம் பிறகு நுழைந்தது என்று சொல்பவர்கள் முதல் நாளையே மறந்துவிடுகிறார்கள்.

பேஸ்பாலில் முதல் போட்டி 1859 ஜூலை 1 அன்று பிட்ஸ்ஃபீல்டில் நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. கால்பந்தில் 1869 நவம்பர் 6, ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4.

73-க்கு 32-ஆ? பேஸ்பால்ல இப்படி ஸ்கோர் வருமா?

இன்றைய விதிகளில் வராது. அன்று ஆடியது மாசசூசெட்ஸ் ஆட்டம் என்ற பழைய வகை. ஓர் அணிக்கு 13 பேர். நான்கு மூலைகளில் கம்புகள் நட்டிருக்கும். பந்து எந்தப் பக்கம் போனாலும் ஓடலாம், ஃபவுல் என்பதே கிடையாது. ஓடுபவனைப் பந்தால் எறிந்து அடித்தாலே அவுட். அணியில் ஒருவர் அவுட் ஆனால் மொத்த அணியும் வெளியே. அதனால் இருபதுக்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் போனது. முதலில் 65 ஓட்டம் எடுப்பவருக்கு வெற்றி என்று பேசி வைத்திருந்தார்கள்.

மறுநாள் இரண்டு கல்லூரிகளும் சதுரங்கம் ஆடின. அதிலும் ஆம்ஹர்ஸ்டுக்கே வெற்றி. செய்தி ஊருக்கு வந்ததும் கல்லூரி மணியை அடித்து, தீ மூட்டிக் கொண்டாடினார்கள். ஆம்ஹர்ஸ்டின் பந்து வீச்சாளர் மாணவரே இல்லை, ஊர்க் கொல்லரை இறக்கிவிட்டார்கள் என்று அன்றைக்கே ஒரு புரளி கிளம்பியது. அது புரளிதான். ஆனால் ‘மாணவர் அல்லாதவரை ஆடவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு கல்லூரி விளையாட்டோடு சேர்ந்தே பிறந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

உடற்பயிற்சியைக் கல்லூரிப் பாடமா ஆக்கினது யார்?

ஆம்ஹர்ஸ்ட்தான். இந்தத் தொகுப்பையே அதைச் சுற்றிக் கட்டியதற்கு இதுதான் முக்கியக் காரணம். 1850-களில் கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டெர்ன்ஸ், மாணவர்களின் உடல்நிலை, குறிப்பாக வசந்த காலத்தில், உடைந்து போகிறது என்று நிர்வாகக் குழுவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். காற்றோட்டம் இல்லாத அறை, மோசமான சாப்பாடு, நாள் முழுக்க உட்கார்ந்தே படிப்பு. பண்ணையில் வளர்ந்த திடமான பையன்களே இரண்டு வருடத்தில் வெளிறிப்போனார்கள்.

1860-இல் பாரெட் உடற்பயிற்சிக் கூடம் எழுந்தது. அதை நடத்த 1861-இல் டாக்டர் எட்வர்ட் ஹிட்ச்காக்கை நியமித்தார்கள். உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் பேராசிரியர் பதவி. மற்ற பேராசிரியர்களுக்குச் சமமான இடம், கல்லூரி மருத்துவர் பொறுப்பும் அதோடு சேர்ந்தது. அவர் இதே கல்லூரியில் படித்துவிட்டு ஹார்வர்டில் மருத்துவம் முடித்தவர். அவருடைய அப்பா, அதே பெயர் கொண்ட நிலவியல் அறிஞர், ஸ்டெர்ன்ஸுக்கு முன்பு இதே கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். மகன் 1911-இல் இறக்கும்வரை ஐம்பது வருடம் அந்தப் பதவியில் இருந்தார். மாணவர்களுக்கு அவர் ‘ஓல்ட் டாக்’.

கட்டாயம்னா எப்படி? நம்ம பி.டி. பீரியட் மாதிரியா?

கிட்டத்தட்ட. ஒவ்வொரு வகுப்பும் வாரத்துக்கு நான்கு நாள், அரைமணி நேரம், சீருடையில் கூடத்துக்கு வர வேண்டும். கையில் லேசான மர டம்பெல்கள். ஒருவர் பியானோ வாசிப்பார், தாளத்துக்கு ஏற்ப எல்லாரும் ஒன்றாகச் செய்வார்கள். வகுப்புக்கு ஒரு கேப்டன், அவரும் மாணவரே. கடைசியில் கொஞ்ச நேரம் ஓட்டம், குதியாட்டம், சத்தம் என்று இஷ்டப்படி இருக்கலாம். ஹிட்ச்காக் அந்தக் குஷியை அடக்கவில்லை, பயிற்சியில் அதுவும் வேண்டும் என்றே வைத்திருந்தார்.

கஷ்டமான பயிற்சிகூட இல்லையே. லேசான டம்பெல்லைத் தூக்கி ஆட்டுறதுல என்ன பெருமை?

இதை நிறைய பேர் கேட்கிறார்கள். இங்கேதான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பலசாலியை மேலும் பலசாலி ஆக்குவது அவருடைய நோக்கமே இல்லை. கூனிக் குறுகி, இருமிக்கொண்டு, கூச்சத்தோடு ஓரத்தில் நிற்கும் பையனும் வர வேண்டும், அவனால் செய்ய முடிய வேண்டும், அவனுக்குப் பிடிக்கவும் வேண்டும். எடை அதிகமாக இருந்திருந்தால் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே ஒதுங்கியிருப்பார்கள். அவர் நடத்தியது எல்லாருக்குமானது. படகில் ஏறியவர்கள் ஆறு பேர், களத்தில் ஆடியவர்கள் பதினோரு பேர், மற்றவர்கள் கரையில் நின்று கத்தியவர்கள். வரலாற்றில் பெயர் வாங்கியது களம். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கூடம்.

மாணவர்களை அங்குலம் அங்குலமா அளந்தாராமே, எதுக்கு?

உயரம், எடை, மார்புச் சுற்றளவு, கையின் சுற்றளவு, நுரையீரல் கொள்ளளவு என்று சேரும்போது ஒருமுறை அளப்பார், பிறகு அவ்வப்போது திரும்பவும் அளப்பார். யார் என்ன நோயால் எத்தனை நாள் வகுப்புக்கு வரவில்லை என்றும் பதிவு செய்தார். பயிற்சி பலன் தருகிறதா இல்லையா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எண்ணாகக் காட்ட நினைத்தவர் அவர். பல பத்தாண்டுகள் விடாமல் எடுத்த இந்தக் கணக்கு மற்ற கல்லூரிகளுக்கு முன்மாதிரி ஆனது. ஹார்வர்டில் டட்லி சார்ஜென்ட் இதை இன்னும் விரிவாகச் செய்தார். 1885-இல் அமெரிக்க உடற்கல்விச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் ஹிட்ச்காக்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவருடைய சராசரிகள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) வெள்ளை இளைஞர்களின் சராசரிகள். மனித உடலின் பொது அளவு என்று அவற்றை எடுத்துக்கொண்டவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

உள்நாட்டுப் போர் சமயத்துல கல்லூரி நடந்துச்சா?

நடந்தது, ஆனால் வகுப்புகள் மெலிந்துபோயின. ஹிட்ச்காக் பதவிக்கு வந்த அதே 1861-இல்தான் போர் தொடங்கியது. கல்லூரித் தலைவர் ஸ்டெர்ன்ஸின் மகன் ஃப்ரேசர் 1862 மார்ச் 14 அன்று வட கரோலினாவின் நியூ பெர்னில் கொல்லப்பட்டார். ஊரே உடைந்துபோனது. அங்கேயே வாழ்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சனின் கடிதங்களில் அந்தத் துயரம் பதிவாகியிருக்கிறது. அந்தச் சண்டையில் கைப்பற்றிய பீரங்கி ஒன்றைப் பிறகு கல்லூரிக்குக் கொடுத்தார்கள். மாணவர்கள் உடல்நலத்துக்காக அத்தனை வருடம் போராடிய மனிதருக்கு இப்படி நடந்தது.

படகுப் போட்டியில ஹார்வர்டும் யேலும்தான் எப்பவும் ஜெயிச்சதா?

அப்படி நினைத்துத்தான் அவர்களும் வந்தார்கள்! 1871-இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்தில் கனெக்டிகட் ஆற்றில் மாசசூசெட்ஸ் விவசாயக் கல்லூரி ஹார்வர்டையும் பிரவுனையும் தோற்கடித்தது. ஆம்ஹர்ஸ்ட் ஊரிலேயே இருந்த, தொடங்கிச் சில வருடங்களே ஆன கல்லூரி அது. ஏர் பிடித்த கைகள் துடுப்புப் பிடித்தபோது ஹார்வர்டால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி வென்றது. 1875, 1876 இரண்டிலும் சரடோகாவில் கார்னெல் வென்றது. ஹார்வர்டும் யேலும் மெல்லப் பொதுப் போட்டியிலிருந்து ஒதுங்கி, தங்களுக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ள ஆரம்பித்தன.

ஹார்வர்டின் கருஞ்சிவப்பு நிறமும் படகிலிருந்து வந்ததுதான். 1858-இல் அணியினர் அடையாளம் தெரிய அந்த நிறக் கைக்குட்டை கட்டினார்கள். அதை வாங்கி வந்தவர்களில் ஒருவர், மேலே சொன்ன அதே சார்லஸ் எலியட்.

கால்பந்து எப்படி இந்த முட்டி மோதுற அமெரிக்கக் கால்பந்தா மாறிச்சு?

1869 ரட்கர்ஸ் ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது, அணிக்கு 25 பேர். திருப்பம் 1874 மே மாதத்தில் வந்தது. கனடாவின் மாண்ட்ரியாலிலிருந்து மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்கு வந்து ரக்பி விதிப்படி ஆடிக் காட்டினார்கள். ஹார்வர்டுக்கு அது பிடித்துப்போனது. அடுத்த வருடம் யேலோடு ஆடினார்கள். 1876-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடி மாணவர்களே ஒரு சங்கம் அமைத்து விதிகளை எழுதினார்கள்.

அதற்கு அப்புறம் எல்லாம் யேல் மாணவர் வால்டர் கேம்ப்பின் கைவரிசை. 1880-இல் அணிக்கு 11 பேர், பந்து ஓர் அணியின் கையில் தெளிவாக இருந்து ஆட்டம் தொடங்கும் முறை. 1882-இல் மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. இந்த இரண்டும் வந்ததும் அது ரக்பியும் இல்லை, கால்பந்தும் இல்லை.

கோச் யார்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு கொடுத்தாங்களா?

நீண்ட காலம் கேப்டன்தான் எல்லாம். யார் ஆட வேண்டும், எப்படிப் பயிற்சி, எப்போது தூங்க வேண்டும் என்பது வரை முடிவு செய்தது ஒரு சக மாணவர். பணக்கணக்கு மாணவ மேலாளர் கையில் இருந்தது. சந்தாவும் நுழைவுக் கட்டணமும் சேர்ந்துதான் வருமானம். 1890-களில் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறையன்று நியூயார்க்கில் யேலும் பிரின்ஸ்டனும் ஆடும்போது பல்லாயிரம் பேர் கூடினார்கள், பெரும்பணம் புரண்டது.

கோட்டா என்று எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் முன்னாள் மாணவர்கள் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்துச் செலவைப் பார்த்துக்கொள்வது இருந்தது. படிப்பை முடித்தவர் மேற்படிப்பு என்று பதிவு செய்துகொண்டு தொடர்ந்து ஆடலாம், அன்றைய விதிகள் அதைத் தடுக்கவில்லை. ஹார்வர்ட் 1882-இல் விளையாட்டுக் குழு ஒன்றை அமைத்ததுபோல, ஆசிரியர்கள் தலையிட ஆரம்பித்தது இந்தப் பணமும் பயணமும் கட்டுமீறிய பிறகுதான்.

இந்தக் கால்பந்துல நிறைய பேர் அடிபட்டாங்கன்னு சொல்றாங்களே, ஏன் யாரும் நிறுத்தலை?

முயன்றார்கள். 1873-இலேயே கார்னெல் தலைவர் ஆண்ட்ரூ ஒயிட், ஒரு காற்றுப் பையை உதைப்பதற்காக முப்பது பேர் நானூறு மைல் போவதை அனுமதிக்க மாட்டேன் என்று மறுத்தார். 1892-இல் ஹார்வர்ட் ஆப்பு வடிவில் மொத்த அணியும் ஒரே ஆளின்மேல் பாயும் உத்தியைக் கொண்டுவந்தது. 1894-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஹார்வர்ட்–யேல் ஆட்டத்தில் காயம்பட்டவர்கள் வரிசையாக வெளியேறினார்கள். அதன்பின் இரண்டு வருடம் இரு கல்லூரிகளும் ஆடவே இல்லை. படகு வலித்து வளர்ந்த எலியட்டே இந்த ஆட்டத்தின் கடுமையான எதிரியாக இருந்தார்.

நிற்காததற்குக் காரணம், ஆட்டம் அதற்குள் கல்லூரியின் அடையாளமாகிவிட்டது. முன்னாள் மாணவர்கள் கல்லூரியை நினைத்ததே அதன் வழியாகத்தான். கடைசியில் 1905-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டி வந்தது. 1906-இல் பந்தை முன்னோக்கி வீச அனுமதித்து விதிகளை மாற்றினார்கள்.

பெண்களுக்கு இதுல எதுவுமே இல்லையா?

உண்டு, சில விஷயங்களில் ஆண்களுக்கு முன்பே. ஆம்ஹர்ஸ்டிலிருந்து மலை தாண்டினால் மவுண்ட் ஹோலியோக். மேரி லயன் 1837-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் தினமும் நடையும் உடற்பயிற்சியும் முதலிலிருந்தே கட்டாயம். ஹிட்ச்காக்குக்குக் கால் நூற்றாண்டு முந்தியது இது. வாசர் என்ற பெண்கள் கல்லூரியில் 1866-லேயே பெண்கள் பேஸ்பால் சங்கம் வைத்திருந்தார்கள்.

கூடைப்பந்தை 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். சில மாதங்களிலேயே பக்கத்து ஸ்மித் கல்லூரியின் செண்டா பெரென்சன் அதை எடுத்து, களத்தை மூன்றாகப் பிரித்து, பந்தைப் பிடுங்கக் கூடாது என்று விதி மாற்றிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893-இல் நடந்த ஆட்டத்துக்கு ஆண்களை உள்ளே விடவில்லை. 1896-இல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் மோதிய பெண்கள் ஆட்டம் 2-1 என்று முடிந்தது.

கறுப்பின மாணவர்கள், வெளிநாட்டு மாணவர்கள் இருந்தாங்களா?

விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆம்ஹர்ஸ்டில் எட்வர்ட் ஜோன்ஸ் என்ற கறுப்பின மாணவர் 1826-லேயே பட்டம் பெற்றார். 1888-இல் சேர்ந்த வில்லியம் ஹென்றி லூயிஸ் 1891-இல் கால்பந்து அணியின் கேப்டன் ஆனார். பிறகு சட்டம் படிக்க ஹார்வர்ட் போய் அங்கேயும் ஆடி, நாட்டின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலில் இரண்டு வருடம் இடம்பெற்றார். (மேலே சொன்ன மேற்படிப்பு வழி இதுதான்.) தொழில்முறை பேஸ்பாலிலிருந்து கறுப்பினத்தவரைத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. ஓபர்லின் கல்லூரியில் ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1884-இல் டொலிடோ என்ற தொழில்முறை அணிக்காக ஆடினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தக் கதவு மூடிக்கிடந்தது.

வெளிநாட்டவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் ஜோ நீஜிமா. நாட்டைவிட்டுப் போவதே குற்றமாக இருந்த 1864-இல் கப்பல் ஏறித் தப்பி வந்து, 1870-இல் ஆம்ஹர்ஸ்டில் பட்டம் வாங்கினார். திரும்பிப் போய்க் கியோட்டோவில் தோஷிஷா என்ற கல்வி நிறுவனத்தை நிறுவினார்.

நமக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, இரண்டு வழியில். 1806-இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மழைக்கு ஒதுங்கிய வைக்கோல் போர் அருகே செய்த பிரார்த்தனையிலிருந்து அமெரிக்க மிஷன் இயக்கம் கிளம்பியது. அந்த இயக்கத்தின் ஆட்கள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். டார்ட்மத் கல்லூரியில் படித்த டேனியல் பூர் 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, நியூ இங்கிலாந்துக் கல்லூரியின் படிப்பை நம் ஊரில் நட்டது. 1862-இல் வந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்த மிரன் வின்சுலோ மிடில்பெரி கல்லூரிக்காரர்.

இரண்டாவது, நெய்ஸ்மித்தின் அதே ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே பயிற்சி பெற்றவர்கள்.

அமெரிக்கா போனா இதுல எதையாவது நேர்ல பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆம்ஹர்ஸ்டில் 1827-இல் கட்டிய ஜான்சன் தேவாலயம் இன்னும் குன்றின்மேல் இருக்கிறது. பாரெட் கூடமும் நிற்கிறது, இப்போது அங்கே மொழி வகுப்புகள். 1884-இல் கட்டிய பிராட் உடற்பயிற்சிக் கூடம் பிறகு அருங்காட்சியகமாகி, இப்போது மாணவர் விடுதி. 1891-இல் திறந்த பிராட் மைதானத்தில் இன்றும் கால்பந்து ஆடுகிறார்கள். ஹிட்ச்காக்கின் அப்பா சேகரித்த டைனோசர் காலடித் தடங்களைக் கல்லூரியின் பெனெஸ்கி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஸ்பிரிங்ஃபீல்ட், அங்கே நெய்ஸ்மித் பெயரில் கூடைப்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது.